ஒரு நீளம், இரண்டு குட்டை

சைக்கிளுக்கு ஹார்ன் வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் நின்று அதை அடித்துப் பார்க்கக் கூடாது. நான்கு சுவருக்குள் எந்த ஹார்னும் புலிதான். கடைக்காரரைத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டு, நடுவில் நாலு வண்டி போகும்போது அடிக்க வேண்டும். அவர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினால் வாங்கலாம். இல்லையென்றால் காசு தண்டம். நான் ஐந்து ஹார்ன்களை அப்படிச் சோதித்து ஒதுக்கிவிட்டு ஆறாவதை வாங்கினேன்.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். முதல் என்றால் இதுதான் முதல். மேஜை விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்கிறேன் என்று உங்கள் எழுத்தர் இரண்டு முறை சொல்லிவிட்டார். பழக்கம். எழுதி முடிக்கும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் சோப்புத் தொழிற்சாலையில் கம்ப்ரசர் பார்க்கிற ஃபிட்டர். இருபத்தோரு வருடமாகக் காற்றை அடைத்து வைப்பதும் திறந்துவிடுவதும்தான் என் பிழைப்பு. என் ஹார்னும் காற்றில் வேலை செய்வதுதான். சீட்டுக்குக் கீழே ஒரு தடித்த பிளாஸ்டிக் புட்டி. அதில் பம்பால் காற்று ஏற்றிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் ஹேண்டில்பாருக்கு வரும். கட்டைவிரலால் அழுத்தினால் லாரிச் சத்தம் கேட்கும். முன்னால் போகிற கார்க்காரர் பதறி ஒதுங்கி வழிவிட்டு, பிறகு சைக்கிளில் வரும் என்னைப் பார்த்ததும் அவர் முகம் போகிற போக்கு இருக்கிறதே, அதைப் பார்த்து எனக்கு அலுத்ததே இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறவனுக்கு சைக்கிள் மணி செவிடன் காதில் ஊதிய சங்கு. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். சைக்கிளுக்கு வாய் என்பது ஹார்ன்.

எனக்குத் தங்கை ஒருத்திதான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழே ஒரு அறையில் நான், மேலே இரண்டு அறைகளில் அவளும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளைக்கும் அதே தொழிற்சாலையில்தான், பேக்கிங் பிரிவில் வேலை. சாப்பாடு எனக்கும் மேலேதான். மாப்பிள்ளையைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. ஒற்றைக் கையால் ஓட்டுவார், சீட்டியடிப்பார், எதிரில் வருகிறவரிடம் திரும்பித் திரும்பிப் பேசுவார். ஒருநாள் ஒரு வேனின் பக்கக் கண்ணாடி அவர் முழங்கையைக் கிழித்துவிட்டது. மூன்று தையல். தங்கை அன்று மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

“அண்ணே, இனிமே அவரை உன் பின்னாலேயே கூட்டிட்டுப் போ. உன் ஹார்ன் இருந்தாத்தான் எனக்கு நிம்மதி” என்றாள்.

என் வாழ்க்கையில் என் ஹார்னை மதித்துப் பேசிய முதல் ஆள் அவள்தான். அந்த வாரமே மாப்பிள்ளைக்கும் ஒன்று வாங்கி, நானே பொருத்திக் கொடுத்தேன். மூன்றாவது நாள் ஹார்னைக் காணோம். அதன் புட்டியில் தண்ணீர் ஊற்றி பேக்கிங் பிரிவில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். “உங்க சத்தமே ரெண்டு பேருக்குத் தாங்கும் மச்சான்” என்றார். அவர் என் பின்னால் வந்தார், நான் முன்னால் போனேன். அப்படி ஒன்றே முக்கால் வருடம்.

இப்போது அந்த வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலை மதில் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். அது முடிகிற இடத்தில் லாரி வாசல்; ஆட்கள் நுழைகிற வாசல் அதையும் தாண்டி. சோப்பு ஏற்றிய லாரி வெளியே வரும்போது, அதன் மூக்கு சாலைக்கு வந்த பிறகுதான் ஓட்டுநருக்குச் சாலை தெரியும். நாங்கள் மதிலை ஒட்டி வருகிறவர்கள். காலை ஆறு இருபதுக்கு நாங்களும் முதல் லாரியும் ஒரே நேரத்தில் அங்கே இருப்போம். அந்த லாரியை ஓட்டுகிறவர் எப்போதும் ஒருவரேதான். மீசை நரைத்த, பேச்சு குறைந்த மனிதர். எங்களுக்குள் யாரும் பேசி வைக்காமலேயே ஒரு ஏற்பாடு உண்டாகிவிட்டது. நான் மதில் முடிவதற்கு முன் நீளமாக ஒன்று அடிப்பேன். அவர் நிறுத்துவார். நாங்கள் கடந்ததும் குட்டையாக இரண்டு அடிப்பேன், போகலாம் என்பதற்கு. முதலில் அதை ஒரு நன்றியாகத்தான் அடித்தேன். அவர் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டார். நாளாக நாளாக அவர் சாலையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். நிற்கிற நேரத்தில் வாட்ச்மேன் நீட்டுகிற சீட்டில் கையெழுத்துப் போடுவார். கண் சீட்டில், காது என் ஹார்னில். முன்பெல்லாம் சாலைக்கு வந்து கை காட்டுகிற வாட்ச்மேனும் முக்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. ஒரு ஹார்ன் இத்தனை பேருடைய வேலையைச் செய்தது. எனக்கு அதில் பெருமை உண்டு.

ஆனால் நான் ஒருவன் வைத்திருந்தால் போதுமா? என்னைத் தவிர சைக்கிளில் வருகிறவர்கள் நூற்று முப்பத்திரண்டு பேர். எல்லோருக்கும் தொழிற்சாலையே ஹார்ன் கொடுக்க வேண்டும், ஹார்ன் இல்லாத சைக்கிளை உள்ளே விடக்கூடாது என்று எழுதி, பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் வைத்தேன். பதினோரு பக்கம். சத்தம் எத்தனை அடிக்குக் கேட்கும் என்று மழையிலும் வெயிலிலும் அளந்து எழுதியிருந்தேன். மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, நம் வாசலில் இதுவரை எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பிறகு எதற்கு என்றார். ஒன்றும் நடக்காததற்குக் காரணமே என் ஹார்ன்தான் என்பதை எப்படி நிரூபிப்பது? நடக்காத ஒன்றை யாரிடமும் எடுத்துக் காட்ட முடியாது.

பேக்கிங் பிரிவின் சார்பில் கூட்டத்துக்கு வந்திருந்தவர் மாப்பிள்ளை. அவருடைய கருத்தையும் கேட்டார்கள். எழுந்து நின்றார்.

“எல்லாரும் அடிச்சா யாருங்க ஒதுங்குறது? மச்சான் ஒருத்தர் அடிக்கிறதுக்கே எங்க ஆளுங்க பாதிப் பேர் கழிவறைக்கு ஓடுறாங்க.”

மேலாளர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். தேநீர் கொண்டுவந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மாப்பிள்ளை உட்கார்ந்ததும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்கிற மாதிரி. நான் கோபித்துக்கொள்ளவில்லை. இதை நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்தான். எனக்கு அவர்மேல் கடுகளவும் கோபம் இல்லை. என் பதினோரு பக்கமும் அன்றே அலமாரிக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கம்ப்ரசர் அறையில் நிற்பேன், உட்காருவேன், மறுபடி எழுந்து போய் அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பேன். சாப்பிடும்போது தட்டின் விளிம்பைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருக்கும். உடம்புக்கு என்ன என்று தங்கை கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பட்டால்தான் தெரியும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஒரு விதி வர வேண்டுமென்றால் அதற்கு முன் ஒன்று நடந்தாக வேண்டும். எந்தத் தொழிற்சாலையிலும் அப்படித்தான். எங்கள் கம்ப்ரசரின் பெல்ட்டுக்குக் கம்பிவலை போட்டதே ஒருவருக்கு இரண்டு விரல் போன பிறகுதான். அந்த இரண்டு விரலுக்குப் பிறகு பத்தொன்பது வருடமாக ஒரு விரலும் போகவில்லை. அந்தக் கணக்கை யாராவது தப்பு என்று சொல்வார்களா?

ஏன் அவர் என்று கேட்டீர்கள். வேறு யாரையாவது தேர்ந்தெடுத்திருந்தால் அது பாவம். மேலும், என் பின்னால் வந்தவர் அவர் ஒருவர்தான்.

இடையில் ஒருநாள் சோறு போடும்போது தங்கை சொன்னாள், அவர் சைக்கிளில் செயின் கழன்று கழன்று விழுகிறதாம், கொஞ்சம் பாரேன் என்று. பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன். செயின் தளர்ந்திருந்தது. ஸ்பேனர் போட்டு பின்சக்கரத்தை அரை விரல்கடை பின்னால் இழுத்தால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. ஸ்பேனர் என் சட்டைப்பையிலேயே இருந்தது. மூன்று வாரம் அது அப்படியே இருந்தது. அந்த மூன்று வாரமும் எங்கே கழல்கிறது என்று கவனித்தேன். மதிலுக்குக் கொஞ்சம் முன்னால் சாலை மேடாகும். அங்கே எழுந்து நின்று மிதிப்பார். மேட்டைத் தாண்டி வாசலை நெருங்கும்போது கழலும். தினமும் இல்லை, நான்கு நாளைக்கு ஒருமுறை. கழன்றால் இறங்கமாட்டார். ஒரு காலைத் தரையில் உந்திக்கொண்டே, குனிந்து, கையாலேயே மாட்டப் பார்ப்பார். சோம்பேறித்தனம் இல்லை, அது அவருக்கு ஒரு வித்தை.

அன்று வானம் தெளிவாக இருந்தது. நான் நீளமாக ஒன்று அடித்தேன். லாரி நின்றது. நான் கடந்தேன். என் ஹேண்டில்பாரில் இடதுபக்கம் ஒரு சிறு கண்ணாடி உண்டு, பாதுகாப்புக்காக. அதில் பார்த்தேனா என்று கேட்டீர்கள். பார்த்தேன். பார்ப்பதற்குத்தானே கண்ணாடி. மாப்பிள்ளை லாரியின் மூக்குக்கு நேர் கீழே, தலையைக் குனிந்து, ஒரு கையில் செயினோடு இருந்தார். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த இடத்தில் ஒரு ஆள் இருப்பது தெரியாது. அதுவும் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் தெரியவே தெரியாது.

குட்டையாக இரண்டு அடித்தேன்.

பிறகு நடந்ததை நீங்கள் புகைப்படத்தில் பார்த்திருக்கிறீர்கள். நான் அதை எழுதத் தேவையில்லை. சைக்கிளை ஓரமாக ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுத்தான் திரும்பி ஓடினேன். சாலையில் சைக்கிளைக் கிடத்தக் கூடாது.

ஒரு மாதத்தில் விதி வந்தது. மேலாளர் அதே கூட்டத்தில் எழுந்து நின்று, நான் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும் என்று குரல் உடைந்து சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நூற்று முப்பத்தோரு ஹார்ன் வந்தது. ஒவ்வொன்றையும் நானே பொருத்தினேன், எப்படி அடிக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். காலையில் மதிலோரம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் புரிந்திருக்கும். மூன்று மாதம் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. தங்கை மட்டும் நான் கிளம்புகிற நேரத்தில் மேலே ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். சத்தம் அவளுக்குத் தலைவலி என்று நினைத்தேன். தட்டு மட்டும் தினமும் படியில் மூடி வைத்திருக்கும்.

பிறகுதான் லாரி ஓட்டுநர் நீதிமன்றத்தில் அந்த வார்த்தையைச் சொன்னார். இரண்டு குட்டை கேட்டது, அதனால் எடுத்தேன் என்று. வாட்ச்மேனும் ஆமாம் என்றார். உடனே ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். அவர்கள் எழுதிய அறிக்கையை நீங்களும் படித்திருப்பீர்கள்: விபத்துக்குக் காரணம் ஹார்ன், ஹார்ன் சத்தத்தை நம்பி எல்லோரும் சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள், தவறுதலாக அடித்த ஒரு சத்தம் ஒரு உயிரைப் பறித்தது, ஆகவே எல்லா ஹார்னையும் கழற்ற வேண்டும். கழற்றினார்கள். நான்கு சாக்கு மூட்டைகளில் கட்டி, கம்ப்ரசர் அறை வாசலிலேயே, என் கண்ணெதிரே போட்டார்கள். நூற்று முப்பத்தோரு பேரும் மறுபடி மணியைக் கிணுகிணுத்துக்கொண்டு அந்த வாசலைக் கடக்கிறார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாவது நாள் உங்கள் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டேன்.

நான் வந்தது இதற்காகத்தான். தவறுதலாக அடித்தது என்பது பொய். அந்த ஹார்ன் ஒருநாளும் தவறியதில்லை. அடி என்றபோது அடித்தது, கேட்க வேண்டியவருக்குக் கேட்டது. அடித்தது நான், தெரிந்து அடித்தேன். அறிக்கையில் அந்த வரியைத் திருத்தச் சொல்லுங்கள். ஓட்டுநரையும் விட்டுவிடலாம். அவருக்கு இரண்டு பெண்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதையும் ஒரு காரணமாக எழுதிக்கொள்வதென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று தங்கையை உள்ளே விட்டீர்கள். நன்றி. எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. திட்டவுமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“செயின் கழண்டா அவர் கூப்பிடாம இருக்கமாட்டாரு. ‘மச்சான், கொஞ்சம் இருங்க’ன்னு கூப்பிடுவாரு. அன்னிக்குக் கூப்பிட்டாரா?”

அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

“கூப்பிட்டாரும்மா, ரெண்டு தடவை. நான் அடிக்கிறதுக்கு முன்னாடியே கூப்பிட்டாரு, எனக்கு நல்லாக் கேட்டுச்சு. ஆனா லாரிக்காரருக்குக் கேக்கணும் இல்ல? அதுக்குத்தானே, அவருக்குன்னு ஒரு ஹார்ன் வேணும்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”