நாலடி காலி இடம்

— இன்னா சத்தம் மாமா அது? ஜீப்பா?

— ஓட்டல் ஜீப்பு. நீ உள்ள வா வச்சலா. கதவ சாத்து.

— பட்டப்பகல்ல எதுக்குக் கதவ சாத்தணும்? தே பாரு, பொன்னி குடிசையாண்ட நிக்குது. கடப்பாரையோட ரெண்டு பேரு எறங்குறாங்க.

— சாத்துன்னு சொல்றேன்ல.

— சாத்திட்டேன். ஓட்டல்ல டூட்டி சாயங்காலம் வரைக்கும் ஆச்சே, நீ ஏன் இந்நேரத்துல வந்த? காக்கி சட்டையெல்லாம் தொப்பலா கீது.

— ஏசி மிஷினு கெட்டுப் பூட்ச்சி.

— எது, ஓட்டலுக்குப் பின்னால பீரோ கணக்கா நிக்குதே, அந்தப் பொட்டியா?

— அதேதான். சாப்புடுற ஹாலு முழுக்க அதாலதான் குளுருது. அம்மாவுக்குக் கண்ணு காட்ட செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு நாளு லீவு போட்டேன். காத்தால வந்து பாக்குறேன், கருகிக் கெடக்குது. வெள்ளக்காரங்க இருவது பேரு, மகாபலிபுரத்துல வேற ஓட்டலே இல்லியான்னு பொட்டி படுக்கையோட கெளம்பிட்டாங்க.

— ரிப்பேரு பண்ண முடியாதா?

— மெட்ராஸ்லேந்து மெக்கானிக்கு வந்தாரு. பொட்டிய சுத்தி நாலடி காலியா இருக்கணும், உள்ள கீற சூட்ட அது வெளிய தள்ளணும், தள்ளவுடாம யாரோ மூக்கப் பொத்திட்டாங்கன்னாரு. அந்த நாலடிக்கு சுண்ணாம்புல கோடு போட்டவனே நான்தான். கோட்டுக்குள்ள ஒரு தொடப்பத்தக்கூட சாத்தவுட மாட்டேன். நம்ம பரம்பரையில கடலுக்குப் போவாம மாசச் சம்பளம் வாங்குற மொத ஆளு நான். பயந்து பயந்து பாத்துக்கினேன்.

— யாரு பண்ணதுன்னு... தெரிஞ்சிதா?

— கம்பி இடுக்குல நெத்திலி வாலு. மெக்கானிக்கு குறடால ஒண்ணொண்ணா எடுத்து மேனேஜரு மேச மேல வரிசையா வச்சாரு.

— மாமா, அடிக்கணும்னா அடி. ஐப்பசி மாசம், பத்து நாளா வெயிலு தலகாட்டல. நெத்திலி கூடையிலயே புழுவு வெக்குது. அந்தப் பொட்டி வுடுற அனல் காத்து சும்மாத்தானே போவுதுன்னு, கோட்டத் தாண்டி கவுறு கட்டி, நெத்திலிய வலையோட காயப்போட்டேன். சாரல் அடிக்கக் கூடாதுன்னு சுத்தி சாக்கு வேற தொங்கவுட்டேன். மொத நாளே சருகாட்டம் காஞ்சிச்சி. ரெண்டாம் நாளு பொட்டி ஒரு மாதிரி மொனகிச்சி. எல்லாத்தையும் உருவிக்கினு ஓடியாந்துட்டேன்.

— தெரியும்.

— இன்னா தெரியும்?

— ஒரு துண்டு கவுறு தூண்லயே தொங்கினு இருந்திச்சி. அந்த முடிச்சு எனக்குத் தெரியாதா? பத்து வருசமா என் சோத்து மூட்டைய நீதான கட்டுற.

— தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கல. கொழம்புல உப்பு தூக்கலா இருந்தா ஊரையே கூட்டுவியே.

— கேட்டா நீ ஒத்துப்ப. அப்புறம் மேனேஜரு எதுர்ல நான் எப்டி நிக்கிறது? “தேசப்பா, இது உங்க குப்பத்து ஆளு வேல. ஒண்ணு பேரச் சொல்லு, இல்ல காக்கிய கழட்டு”ன்னாரு.

— இன்னா பேரு சொன்ன?

— தண்ணி குடு.

— வெளிய கீத்து பிரிக்கிறாங்க மாமா, காதுல வுழலியா? இன்னா பேரு சொன்ன?

— பொன்னி.

— பொன்னியா.

— அவ குடிசை ஓட்டல் எடத்துலதான கீது, என்னிக்கி இருந்தாலும் பிரிக்கத்தான் போறாங்க. புருசங்காரன் கல்பாக்கத்துல அணு ஆலை கட்டுற வேலைக்குப் போனவன், அங்கயே ஒருத்தியோட தங்கிட்டான். இவ திருப்போரூர்ல தங்கச்சி வூட்டுக்குப் போலாம். நமக்கு மூணு புள்ளைங்க, இந்த வேல ஒண்ணுதான். இப்டியேதான் வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கினு வந்தேன். ஒண்ணும் மனசுல நிக்கல.

— அவ இன்னா சொன்னாளாம்?

— அவகிட்ட யாரும் கேக்கல. ஜீப்புக்கு முன்னால நான் ஓடியாந்துட்டேன், அவ மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு.

— கதவாண்டேந்து நவுரு.

— போயி இன்னா சொல்லப் போற? என் வேல பூடும்டி.

— நவுரு மாமா.

— அவ நெத்திலியும்தான நாறிக்கினு கெடந்திச்சி? நீ கட்டலன்னா அவ கட்டியிருப்பா. நீ முந்திக்கின, அவ்ளோதான்.

— கவுத்துல பாதி எடம் தரேன், நீயும் வாடின்னு நான்தான் அவளக் கூப்ட்டேன். “வாணாம்டி, அண்ணாத்த வேலைக்கு ஒல வச்சிடாத”ன்னு சொல்லிட்டு, அழுவுன நெத்திலியக் கூடையோட கொண்டுபோயி கடல்ல கொட்டினா மாமா அவ.