புத்தகப் பை இல்லாமல் வாருங்கள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமை ஆசிரியர் அருணகிரி ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, கீழ்பென்னாத்தூரிலிருந்தும் வேங்கிக்காலிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, ஒரு காலத்தில் எங்கள் மையத்தின் சுவரெல்லாம் கிறுக்கிவிட்டு இன்று மீசையோடும் தாலியோடும் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, கனத்த மனதோடு உங்களை வணங்குகிறேன். என் பெயர் வேதா. குழந்தைகள் மனநல நிபுணர் டாக்டர் மணிமொழி அம்மையாரிடம் பதினைந்து ஆண்டுகள் வேலை செய்தவள்.

போன வாரம் மணிமொழி அம்மாவின் உடல் வீட்டில் கிடத்தப்பட்டிருந்தபோது தெருவே நிரம்பியிருந்தது. அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணிடம் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "நீங்க சொந்தமாம்மா?"

"இல்லீங்க. என் பொண்ணு இவங்ககிட்ட டியூஷன் படிச்சுது."

அடுத்து வந்தவரும் டியூஷன் என்றார். அவருக்கு அடுத்தவரும் அதையே சொன்னார். தேரடி வீதியில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் 'டியூஷன் ஆசிரியை' என்றே அச்சாகியிருந்தது. பிள்ளைகளின் மனத்தைச் சோதித்தறிந்து தேற்றுவதற்காகவே படித்தவர், அதற்காகவே வாழ்ந்தவர், டியூஷன் ஆசிரியையாகவா போய்ச் சேர வேண்டும்? எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் டியூஷன் என்று போர்டு மாட்டியவரே அம்மாதான்.

1991இல் முதலில் அவர் வைத்த போர்டு 'குழந்தைகள் மனநல மையம்'. ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. யார் வருவார்கள்? உள்ளே நுழைந்த பிள்ளையைப் பைத்தியம் என்று ஊர் சொல்லும். அக்காளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பாதி வழியில் திரும்பிப் போவார்கள். நாம் அறியாததா? அம்மா அந்தப் போர்டை இறக்கிவிட்டு, 'டியூஷன் சென்டர்' என்று எழுதி மாட்டினார். பிள்ளையின் தோளில் ஒரு புத்தகப் பையை மாட்டிக் கூட்டி வாருங்கள் என்று பெற்றோர்களுக்குச் சொன்னார். நாலு வயதுப் பிள்ளைகூடப் பையோடு வந்தது. போர்டை நம்பி நிஜமாகவே கணக்குப் படிக்க வந்தவர்களும் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே? அம்மா பத்தாம் வகுப்புக் கணக்கை மறுபடி படித்துச் சொல்லிக் கொடுத்தார். அதில் இரண்டு பேர் நல்ல மார்க்கும் வாங்கினார்கள்.

பொய் எல்லாம் வாசலோடு சரி. அறைக்குள் அம்மா ஒரு பிள்ளையிடமும் பொய் சொன்னதில்லை.

கோபியைப் பற்றிச் சொல்கிறேன். பெயரைச் சொல்லலாமா என்று நினைப்பீர்கள். சொல்லலாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும். தாயார் திரௌபதி அம்மாள் கூட்டி வந்தபோது கோபிக்கு எட்டு வயது. வீட்டில் வாய் ஓயாமல் பேசுவான். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தால் ஒரு வார்த்தை வராது. அடித்துப் பார்த்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டிப் பார்த்தார்கள். அம்மா அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. வண்ண மரக்கட்டைகளை முன்னால் வைத்து, படத்தில் உள்ளபடி அடுக்கச் சொன்னார். அவன் மளமளவென்று அடுக்கிவிட்டான்.

"புத்தியில ஒரு குறையும் இல்லம்மா. வெளியில பேசத்தான் பயப்படறான்" என்றார் அம்மா. பிறகு அவனிடம், "உனக்கு எந்தக் கலருப்பா புடிக்கும்?" என்று கேட்டார்.

திரௌபதி அம்மாள் முந்திக்கொண்டார். "செவப்புங்க. செவப்புன்னா அவனுக்கு உசுரு."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவன் பதில நீங்க சொல்லிடாதீங்கம்மா. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல. அவனே சொல்லட்டும்."

பிள்ளைக்குப் பார்க்கும் வைத்தியத்தில் பாதி பெற்றோருக்கு என்பது அம்மாவின் வழி. மகனுக்காகப் பேசாமல் இருக்க அந்தத் தாய் பட்ட பாடு எனக்குத் தெரியும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாரா வாரம் வந்தார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள், கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே கோபி சொன்னான்: "பச்ச."

சிவப்பு இல்லை, ஐயா. பச்சை. தாயும் நானும் அழுதோம். அம்மா ஒரு பச்சைக் கட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அடுத்த வருஷம் அவன் வகுப்பில் வாய் திறந்தான்.

1998இல் அம்மா உண்மையான பெயரோடு புதிய போர்டு எழுதி வாங்கினார். மாட்டலாமா என்று பெற்றோர்களைக் கூட்டிக் கேட்டார். முதலில் எழுந்தவர் திரௌபதி அம்மாள்தான். "பெரியவளப் பொண்ணு பாக்க வர்றாங்கம்மா. இப்ப மாத்துனீங்கன்னா என் பையன் எதுக்கு வந்தான்னு தெரிஞ்சுடும்." சொல்லிவிட்டு அழுதார். அம்மா போர்டைப் பழைய போர்வையில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தார்.

எனக்கு ஆத்திரம். "இவங்களே வெக்கப்பட்டா ஊரு எப்பம்மா மாறும்?" என்று கேட்டேன்.

"வெக்கம் இல்ல வேதா, பயம். கோபிக்கு டைம் குடுத்தோம் இல்ல? அவங்கம்மாவுக்கும் குடுப்போம்."

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. பிறகு வேறொரு வீட்டில் வேறொரு பெண் கல்யாணத்துக்கு நின்றாள். போர்டு பீரோவுக்குப் பின்னாலேயே கிடந்தது. அம்மா போய்விட்டார்.

நேற்று திரௌபதி அம்மாள் மையத்துக்கு வந்தார். கையில் சுவரிலிருந்து கிழித்த அந்தப் போஸ்டர். "தப்பா போட்டிருக்காங்க. இவங்க டியூஷன் டீச்சர் இல்ல. என் புள்ளைக்கு வைத்தியம் பாத்தவங்க. கூட்டத்துல எங்க பேரச் சொல்லியே சொல்லுங்க" என்றார்.

"கோபி ஒத்துக்குவானா?"

"அவன் பதில நான் சொல்லுவேனா? வெளியதான் நிக்கிறான். நீங்களே கேளுங்க."

கேட்டேன்.

பெரியோர்களே, அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன். மையம் மூடப்படாது. நாளைக் காலை அந்தப் போர்டை வாசலில் மாட்டுகிறோம். இன்னும் பயம் இருக்கிறவர்களுக்காகப் பின்கதவும் திறந்திருக்கும். அம்மா தந்த அவகாசத்தை நாங்கள் பறிக்க மாட்டோம். முடிந்தவர்கள் மட்டும் முன்வாசலில், புத்தகப் பை இல்லாமல் வாருங்கள்.

கோபி என்னிடம் என்ன சொன்னான் என்று கேட்பீர்கள். அதை நான் சொன்னால் அம்மா சம்மதிக்க மாட்டார். கோபி, மேடைக்கு வாப்பா. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை.