வூயோவுக்குக் கரைச்ச சர்பத்

இன்னும் கிட்ட வந்து உக்காருங்க தம்பி. தாடை உடைஞ்ச வாய், சத்தம் எழும்பாது. உடைச்சது அந்த வூயோதான், துப்பாக்கிக் கட்டையால. சரயேவோ கோர்ட்டுக்கு அதையும் எழுதிக்குங்க.

நான் அந்த ஸ்கூல்ல சமையக்காரி. சண்டை வந்ததும் எங்க ஊர் ஆளுங்க நாப்பது பேரையும் எதிராளிப் படைக்காரங்க அங்கயே அடைச்சுட்டாங்க. வூயோதான் காவலுக்குத் தலைவன். முதல் நாளே என் தம்பி மெசுதை பெஞ்சுல கட்டிவெச்சு, சாகற வரைக்கும் அடிச்சான். எதுக்கா? சிரிச்சானாம்.

கிணத்துத் தண்ணி கெட்டுப்போய்ப் பிள்ளைங்களுக்குப் பேதி. மருந்துக்கடை ஸும்ராவும் எங்களோடதான் கெடந்தா. வாளியில சர்க்கரையக் கரைச்சு, அளந்து உப்பும் போட்டா. உப்பு எதுக்குடின்னேன். ஷாஹாக்கா, குடல்ல ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு கதவு இருக்கு. சர்க்கரை தனியா நின்னா தொறக்காது, உப்பும் கூடப் போனாத்தான் ரெண்டையும் உள்ள விடும், தண்ணி பின்னாடியே போகும்னா. ரெண்டு நாள்ல பிள்ளைங்க எந்திரிச்சுதுங்க.

அப்புறம் வூயோவுக்கே பேதி. பாலம் உடைஞ்சு டாக்டர் வர வழியில்ல. படுத்தபடியே சொன்னான்: நான் எந்திரிக்கற அன்னைக்கு நீங்க அத்தனை பேரும் ஆத்துல. சும்மா சொல்ற ஆளில்ல தம்பி. பக்கத்து ஊரை அப்படித்தான் சுட்டுத் தள்ளினான்.

அவனுக்கு வைத்தியம் பாக்க ஸும்ராவை முடியப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. வாளித் தண்ணிய ஒரு வாய் குடிச்சு அவ மூஞ்சிலயே துப்பினான். குதிரை மூத்திரம்டி இது, விருந்தாளிக்குக் குடுப்பீங்களே ரோஜா சர்பத், அதைக் கொண்டான்னான். ஆகட்டும் கமாண்டர், இனிப்பாவே தரேன்னா.

கண்ணெதிர்லதான் கரைச்சா, நெத்தில துப்பாக்கி. பாகு மாதிரி சர்க்கரை, மேல ரெண்டு ரோஜா இதழ். மொதல்ல நீ குடின்னான். குடிச்சா. அப்புறம் அவன் குடிச்சான், கேட்டுக் கேட்டுக் குடிச்சான். குடிக்கக் குடிக்க உடம்புத் தண்ணியெல்லாம் கீழ போச்சு. கண்ணு குழிஞ்சு, தோலு சுருங்கி, மூணாம் நாள் மத்தியானம் முடிஞ்சான்.

வெஷமா? இல்லையே. அவ எதைப் போடறான்னுதான் அவனும் பாத்துட்டிருந்தான். போடாததை எவன் பாப்பான்? உப்புப் பொட்டலம் என் பாவாடைப் பையில இருந்துச்சு. சர்க்கரை எடுக்க வந்தப்ப அவதான் குடுத்தா. உப்பில்லாத பாகு குடல்லயே நின்னு, உடம்புத் தண்ணியவும் உறிஞ்சி வெளிய தள்ளிடுமாம்.

மத்த காவல்காரனுங்க நோய்க்குப் பயந்து ஓடிட்டானுங்க. சாவி வெச்சிருந்தவன் மட்டும் அதே பேதியில நடக்க முடியாம வாசல்ல, பூட்டின கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் கெடந்தான். பிள்ளைங்க பொழைச்சதைப் பாத்தவன். ஸும்ரா மிச்ச சர்பத்துல தண்ணி ஊத்தினா, என்கிட்ட கை நீட்டி உப்ப வாங்கினா, உள்ளங்கையில வெச்சு மூடிக்கிட்டு அவன் முன்னாடி உக்காந்தா.

மொதல்ல சாவின்னா.