காற்று போட்ட கோல்

எஃபி: அங்க உட்காராதீங்க ஐயா. ஒரே ஈரம்... கோட்டு நனைஞ்சிடும்.

மர்டோ: நனையட்டும் அம்மணி. இந்தப் படியில அந்தக் காலத்துல யாரு உட்கார்ந்தா? நிக்கிறதுக்கே இடம் கிடைக்காது.

எஃபி: இப்ப மரம்தான் நிக்குது.

மர்டோ: மனுஷனை விட ஒழுங்கா நிக்குது. இடிச்சுக்கல, நடுவரைத் திட்டல...

எஃபி: நீங்க கிரெய்க்பர்ன் அணி ஆளா?

மர்டோ: இல்லல்ல. ஆனா இந்தக் கால்பந்து மைதானம் தெரியும்.

எஃபி: அணியைக் கலைச்சு அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இது தெரிஞ்சிருக்குன்னா உங்களுக்கும் என் வயசுதான்.

மர்டோ: எழுபதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்.

எஃபி: யார்கிட்ட? கண்ணு தெரியாதவங்ககிட்டயா?

மர்டோ: கிளாஸ்கோக்காரிங்க வாய் மட்டும் மாறவே இல்ல.

எஃபி: உங்க பேச்சு இந்த ஊர்ப் பேச்சு மாதிரி இல்லையே. தீவுப் பக்கமா?

மர்டோ: லூயிஸ் தீவு. பிழைக்க வந்து அப்படியே தங்கிட்டேன். ஃபிளாஸ்க்ல டீயா அது?

எஃபி: கண்ணு அங்கதான் போகுதா... இந்தாங்க. சர்க்கரை போட்டிருக்கு.

மர்டோ: புண்ணியமாப் போகும்.

எஃபி: இந்தப் படிங்களுக்கு அடியில என்ன இருந்துச்சு தெரியுமா? பை கடை... மாவுக்குள்ள கறி அடைச்சு சுடுவோமே, அந்தப் பை. சனிக்கிழமை ஆனா நான்தான் அங்க நிப்பேன். கப்பல் பட்டறையில மதியச் சங்கு ஊதினதும் கிளம்புவாங்க பாருங்க... குளிக்கல, சட்டை மாத்தல. தெரு முழுக்கத் தொப்பிதான். தரையே அதிரும்.

மர்டோ: ஆமா... சின்னப் பசங்களை தலைக்கு மேலயே கைமாத்திக் கைமாத்தி முன்வரிசைக்கு அனுப்புவாங்க. யாரு பிள்ளைன்னு கேக்கமாட்டாங்க.

எஃபி: ஒண்ணு கூடக் கீழ விழுந்ததில்ல.

மர்டோ: எனக்குப் பிடிச்சது பொழுது சாயற நேரம். அப்பல்லாம் விளக்கு கிடையாதே... எதிர்ப் படியில ஆளே தெரியாது, ஒரே இருட்டு. அதுல ஒருத்தன் தீக்குச்சி கிழிப்பான். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு... மலைச்சரிவு முழுக்க மின்மினி பூத்த மாதிரி. பந்தைப் பார்க்க மறந்துட்டு அதைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கேன்.

எஃபி: எதிர்ப் படின்னா... நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க?

மர்டோ: அது... அப்பப்ப மாறும். டீ நல்லா இருக்கு.

எஃபி: லாக்சைட் அணியோட ஒரு கோப்பை மேட்ச். அதுக்கு வந்தீங்களா?

மர்டோ: இன்னும் கொஞ்சம் டீ ஊத்துங்களேன்.

எஃபி: என்ன, ஞாபகம் இல்லையா?

மர்டோ: இருக்கு. வந்திருந்தேன்.

எஃபி: எங்க அணி சாண்டி மோவாட் போட்ட கோலைப் பார்த்தீங்களா அப்ப?

மர்டோ: நீங்க பார்க்கலையா?

எஃபி: எங்க பார்க்கிறது... கீழ பைக்கு காசு வாங்கிக்கிட்டிருந்தேன். காதுல கேட்டதோட சரி. அதுவும் சத்தம் இல்லை ஐயா. திடீர்னு எதுவுமே கேக்கல. தலைக்கு மேல முப்பதாயிரம் பேர் நிக்கிறாங்க, ஒரு இருமல் கூட இல்ல. என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு முழக்கம்... கூரைத் தூசி மொத்தமும் டீப் பாத்திரத்துல கொட்டிச்சு.

மர்டோ: அந்த அமைதி... ஆமா. அதை வேற எங்கயும் நான் கேட்டதில்ல. சர்ச்சுல கூட.

எஃபி: சொல்லுங்களேன். நீங்க பார்த்ததை.

மர்டோ: எத்தனையோ பேர் சொல்லியிருப்பாங்களே உங்களுக்கு.

எஃபி: ஆளுக்கொரு கதை. நீங்க சொல்லுங்க.

மர்டோ: சகதி. பந்து தண்ணி குடிச்சு ஊறின மூட்டை மாதிரி கனம். இடது ஓரம், அதோ அந்தப் புதர் இருக்கே, அங்க... மூலைக் கொடிக்கு நாலு எட்டுதான். அங்கிருந்து கோல் அடிக்கணும்னு கிறுக்கன் கூட நினைக்கமாட்டான். நடுவுல நிக்கிறவன் தலைக்கு கிராஸ் தூக்கிக் கொடுப்பான்னுதான் எல்லாரும் நடுவுக்கு ஓடினாங்க. பந்தும் அப்படித்தான் கிளம்பிச்சு. வெளிய, மேல... அப்புறம் ஆகாசத்துல ஒரு நொடி நின்னு யோசிச்ச மாதிரி இருந்துச்சு. திரும்புச்சு பாருங்க... கோல் காக்குற கோலி தலைக்கு மேல, தூரத்துக் கம்பத்தை உரசிக்கிட்டு உள்ள. இப்ப நினைச்சாலும் மூச்சு நிக்குது எனக்கு.

எஃபி: காத்துதானே திருப்பிச்சு?

மர்டோ: யாரு சொன்னது?

எஃபி: ஊரே சொல்லுது. பேப்பர்ல வந்துச்சு. சாண்டியே சொன்னான்... கிராஸ்தான் போட்டேன், காத்து தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு.

மர்டோ: அன்னிக்குக் காத்தே இல்ல அம்மணி. அத்தனை பேர் விட்ட சிகரெட் புகை, நூல் பிடிச்ச மாதிரி நேரா மேல போச்சு. கொடி ஈரத்துணியாத் தொங்கிச்சு.

எஃபி: முப்பதாயிரம் பேருக்கும் தெரியாமலா போச்சு?

மர்டோ: மறுநாள் பேப்பர்ல காத்துன்னு போட்டா, அதுக்கு மறுநாள் எல்லாருக்கும் தொப்பி பறந்ததே ஞாபகம் வந்துடும்.

எஃபி: சிரிக்க வைக்காதீங்க. நான் நிஜமாக் கேக்கறேன்.

மர்டோ: நானும் நிஜமாத்தான் சொல்றேன். பாதத்தோட வெளிப்பக்கத்தால அடிச்சார். கிராஸ் போடறவன் அப்படி அடிக்கமாட்டான். பந்து உள்ள திரும்பணும்னு நினைக்கிறவன்தான் அடிப்பான்.

எஃபி: அவ்வளவு கிட்டத்துல இருந்தா பார்த்தீங்க? கோலுக்குப் பின்னாடி நின்னீங்களா?

மர்டோ: பின்னாடி இல்ல... அந்தப் பக்கம்தான். நீங்க ஏன் இவ்வளவு துருவறீங்க?

எஃபி: போன வாரம் அவரை அடக்கம் பண்ணினோம். வந்தவர் ஒருத்தர் எழுந்து நின்னு, ஸ்காட்லாந்துலயே அதிர்ஷ்டமான கோல் போட்டவர் இவர்தான்னு சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்...

மர்டோ: இதுவரைக்கும் அவன்னு சொன்னீங்க.

எஃபி: வாய் தவறிடுச்சு.

மர்டோ: நீங்க...

எஃபி: எஃபி மோவாட். மறுவருஷம் பை வாங்க வந்த சாக்குல என்னைக் கட்டிக்கறியான்னு கேட்டார். அம்பத்தெட்டு வருஷக் குடித்தனம். எத்தனை தடவை கேட்டிருப்பேன், நிஜமாக் குறிபார்த்து அடிச்சியான்னு. கிராஸ்தான் எஃபி, தூங்கு, அப்படீம்பார். அதிர்ஷ்டமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்... ஆனா அந்த அமைதி இருக்கே, அதை நான் கேட்டேன். காத்துக்காக ஒரு கூட்டம் அப்படி வாயடைச்சுப் போகுமா?

மர்டோ: போகாதும்மா.

எஃபி: அப்ப ஏன் அப்படிச் சொன்னார்?

மர்டோ: லாக்சைட் கோலிக்குப் பத்தொம்பது வயசு. முதல் வருஷம். முன்னால ஏறி நின்னுட்டான், அதான் பந்து தலைக்கு மேல போச்சு. மேட்ச் முடிஞ்சதும் உடை மாத்தற ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு மேனேஜர் கத்தறார்... திங்கட்கிழமை படகுல ஊருக்குப் போடான்னு. சாண்டி அந்த வழியாப் போயிருக்கார். நேரா பத்திரிகைக்காரங்ககிட்ட போயி, காத்து அடிச்சது, அதை எந்தக் கோலியாலயும் பிடிக்க முடியாதுன்னு சொல்லிட்டார். அப்புறம் யாரு அந்தப் பையனைக் குத்தம் சொல்றது?

எஃபி: அதை என்கிட்ட கூடவா சொல்லக்கூடாது...

மர்டோ: பை கடையில சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும்னு நினைச்சிருப்பார்.

எஃபி: நினைச்சிருப்பார். பாவி மனுஷன்... அந்தப் பையன் என்ன ஆனான்?

மர்டோ: பதினோரு வருஷம் ஆடினான். அந்தச் சம்பளத்துல அம்மாவுக்கு ஓட்டு வீடு கட்டினான். ஒரு தடவை சாண்டிகிட்டயே போய்க் கேட்டான், அது ஷாட்தானேன்னு. உங்க அம்மா நல்லா இருக்காங்களான்னு பதிலுக்குக் கேட்டுட்டுப் போயிட்டார்.

எஃபி: அவர் குணம் அப்படியேதான். ஆனா நீங்க எல்லாத்தையும் பக்கத்துல நின்ன மாதிரி சொல்றீங்க... குறிபார்த்துத்தான் அடிச்சார்னு உங்களுக்கு எப்படி அவ்வளவு உறுதி? யாரு சொன்னது?

மர்டோ: யாரும் சொல்லல எஃபி. அடிக்கிறதுக்கு முன்னாடி அவர் ஒரு தடவை தலையைத் தூக்கி கோல் வாசலைப் பார்த்தார். அங்க என்னைத் தவிர வேற யாரும் இல்ல.