கொடியைப் பார்த்து அடித்தார்கள்

தம்பி அனிஷின் சட்டையில் இருந்தது மீன் ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏலத்துக்குப் போய் வந்தால் அப்படித்தான் இருக்கும். எடுத்து முகர்ந்தேன். மீன் வாடை இல்லை. நேற்றுச் சாயங்காலம் என் தம்பி வாசலில் நின்று, "அக்கா, அத்தானுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டேன்" என்றபோது அவன் முகத்தில் பெருமை இருந்தது. போன மாதம் கப்பலில் ஏவுகணை விழுந்து செத்துப்போன என் கணவர் வில்பிரட்டுக்காக, துறைமுக வாசலில் அவனும் கூட்டாளிகளும் ஒரு மாலுமியை அடித்துப் போட்டிருக்கிறார்கள். காலையில் போலீஸ் வந்து அனிஷைக் கூட்டிப் போனது. இப்போது போன் அடிக்கிறது. சிவப்பிரகாஷ், அனிஷின் கூட்டாளி. பேஸ்புக்கில் ஊர்ச் செய்தி போடுகிறவன். எடுக்காவிட்டால் விடமாட்டான்.

ஹலோ... ஆமா, விஜிலாதான்... கேக்குது, சொல்லு சிவா... ம்... ஸ்டேஷன்ல இருந்தா பேசுத? அனிஷைப் பாத்தியா? ... சாப்பிட்டானா? ... அவனை அடிச்சாவளா? ... சரி... சரி... அம்மா அங்கனதான் நிக்காவளா?

என்னது? நானா? ... வீடியோவா? எதுக்கு?

இரு, இரு. மூச்சு விடாமப் பேசாத. ஒரு நிமிசம் நான் பேசணும்... ஆமா... அதை நீ உன் பக்கத்துல போடுவ... ஆமா, ஆமா... ஊரு பூரா ஸ்டேஷன் முன்னால வந்து நிக்கும்... அனிஷை விட்டுருவாவ. அப்படித்தான? ... சரி, என்ன பேசணும்? ... எழுதியே வச்சிட்டியா! வாசி, கேப்போம்.

ம்... "என் புருசனைக் கொன்ன நாட்டுக் கப்பல்"... ம்... "என் தம்பிமாரு எனக்கு நியாயம் வாங்கித் தந்தாவ"... ம்... தாலியைக் கையில பிடிச்சுக்கிடணுமா? எந்தக் கையில?

இல்ல தம்பி, கோவமில்ல. ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. அது அந்த நாட்டுக் கப்பல்னு உனக்கு யாரு சொன்னா? ... கொடி பறந்துச்சா... பின்பக்கம் ஊருப் பேரு எழுதியிருந்துச்சா... ஏலே, ஹார்பரைப் பாத்து வளந்தவன்தான நீ? வில்பிரட் போன கப்பல்ல பனாமா கொடி. அதுல ஒரு பனாமாக்காரன் உண்டா? கம்பெனிக்காரன் எங்க வரி கம்மியோ அங்க கப்பலைப் பதிவு பண்ணுவான், அந்தக் கொடியைக் கட்டுவான்... என்ன, உனக்கும் தெரியுமா? ... தெரிஞ்சேதான் போட்டியா?

...கொடி கொடிதானா. நல்லா சொன்ன.

ஆமா, ஆஸ்பத்திரிக்குப் போனேன்... ஆமா, நானேதான் போனேன். எதுக்குன்னா... பாக்கணும்போல இருந்துச்சு. அடிபட்டவன் கப்பல்ல சமையக்காரன், சிவா. மணிலாக்காரன். நம்ம ஊரு மக்ரூன் மிட்டாய் வாங்கணும்னு ஹார்பர் கேட்டுக்கு வெளிய வந்திருக்கான். தாடை ரெண்டா உடைஞ்சு போச்சு. இடது கண்ணு இல்ல... இல்லன்னா இல்லதான், குழிதான் இருக்கு. கழுத்துல ஜெபமாலை போட்டிருக்கான். அதைப் பிடிச்சு இழுத்துத்தான் ரோட்டுல தள்ளியிருக்கானுவ. மணி மணியா தோலுக்குள்ள பதிஞ்சு கிடக்கு... ஏன், அதைக் கேக்கப் பிடிக்கலையா? ... ராக்கெட் விட்டவன் இவனா?

சிவா போட்ட அடிதடி வீடியோவை நான் பார்த்தேன். மூலையில் வில்பிரட்டின் படம், சுற்றிலும் பூ. அவர் சிரித்துக்கொண்டே இருக்க, கீழே இரும்புக் கம்பி ஏறி இறங்கியது. முதல் அடி விழுந்தபோது என் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. அடுத்த அடிக்காகக் காத்திருந்தேன். கண்ணை மூடவில்லை. அந்தக் குளிர்ச்சியைத்தான் இவன் இப்போது என் வாயால் கேட்கிறான், ஊருக்குப் பங்கு வைக்க.

லைன்லதான் இருக்கேன்... என்ன ஆதாரம்? ... கப்பல் எரியுத வீடியோவா? சோகப் பாட்டோட நீ போட்டியே, அதா? என் மவ அதை நிறுத்தி நிறுத்திப் பாத்தா. புகைக்குள்ள ஒரு ஆளு ஓடுவான்லா, அதுதான் அப்பான்னு. விரலை வச்சுப் பெருசாக்கி மூஞ்சியைத் தேடினா, சிவா. பொறவு கூடப் படிக்குத பையன் சொல்லுதான், அது போன்ல விளையாடுத கேமாம். கப்பலும் பொய்யி, ஆளும் பொய்யி... அழிச்சிட்டியா? எப்ப? ஊரே பாத்து முடிச்ச பொறவா?

வில்பிரட்டை யாரும் வீடியோ எடுக்கல. எஞ்சின் ரூம் எரியும்போது எவன் நின்னு எடுப்பான்?

...அது என்ன சத்தம்? யாரு கத்துதா? ... ஹார்பர் கேட்லயா நிக்க? அப்போ அனிஷைப் பாத்தேன்னதும் பொய்யா? ... ம்... கப்பல்ல மிச்சம் இருக்கவனுவளுக்காகவா காத்து நிக்காவ? ... கையில என்ன வச்சிருக்காவ? ... பெட்ரோலா! ஏலே, என்னல செய்யப் போறீய? ... நான் பேசினா இன்னும் கூட்டம் கூடும்... அதுதான உனக்கு வேணும்... யாரை? அம்மாவையா? லைன்ல சேக்காத சிவா, வேண்டாம், சொன்னாக் கேளு...

அம்மா... ஆமாம்மா, நான்தான்... அழாதீய... ஆமா... ஆமா, எனக்காகத்தான் செஞ்சான்... தெரியும்மா, என் இடுப்புல வளந்த பயதான்... அதுக்காக? கப்பல்ல இருக்கவனுவளைக் கொளுத்துததுக்கு நான் தீப்பெட்டி எடுத்துக் குடுக்கணுமா? ... வக்கீலைப் பாப்போம், நான் கூட வாரேன். ஜெயிலுக்குப் போனாலும் சோறு நான்தான் கொண்டு போவேன்... அம்மா, அப்படிச் சொல்லாதீய... தாலியறுத்தவளுக்கு இவ்வளவு திமிரான்னு நீங்களே கேக்கியளே...

அம்மா? ... அம்மா?

சிவா, நீ இன்னும் இருக்கியா? ... இல்ல... இல்ல தம்பி. நான் பேச மாட்டேன்... ஒரு வரியும் மாட்டேன்... பேசவே வேண்டாம், சும்மா அழுதா மட்டும் போதுமா?

அதுவும் மாட்டேன்ப்பா. வைக்கேன்.