டோசருக்கு அடியில் ஓர் ஓட்டை

“பக்கத்து உப்பளத்துக் கரையை உடைச்சது நான் இல்ல பாய், நீங்கதான்.”

கூனிமேட்டில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்ததும் ஒரு புல்டோசர் டிரைவர் சொன்னார். பக்கத்தில் அவருடைய முதலாளி.

“வண்டியைத் திருப்புற லிவரை இழுத்தது நீதானப்பா?”

“இழுத்தேன். கிளட்ச் வழுக்கிடுச்சு. வண்டி திரும்பாம நேரா கரை மேல ஏறிடுச்சு. இன்னிக்கு மெக்கானிக் பிரிச்சா, கிளட்ச் பிளேட்டெல்லாம் ஆயில்ல ஊறிக் கெடக்குது. கசியுற ஆயில் வெளிய போவத்தான் அடியில ஓட்டை வச்சிருக்கான். அதை யாரு அடைச்சது?”

“உப்புத்தண்ணி உள்ள போவுதேன்னு நான்தான் கட்டை அடிச்சேன்.”

“உப்புத்தண்ணிக்குப் பயந்தா உப்பளத்துல டோசர் எதுக்கு பாய்?”

“சரி விடு. சீல் மாத்தி, பிளேட்டைக் கழுவிப் போட்டாச்சுல்ல.”

“வண்டி சரியாயிடுச்சு. நான் குடிச்சிட்டு ஓட்டினேன்னு ஊரே பேசுது. இனிமே எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்?”

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை.

மரக்காணத்தில் பஸ் நின்றது. டோசர் டிரைவர் எழுந்து முதலாளியின் வழியை மறித்தார்.

“அதோ டீக்கடையில உப்பளத்துக்காரங்க எல்லாரும் நிக்கிறாங்க. ஓட்டையை யாரு அடைச்சதுன்னு அவங்க முன்னாடி சொல்லுங்க பாய். இப்பவே சொல்லுங்க.”