பெரிய கிராணி திருத்திய கடிதம்

"ஹலோ... ஆமா, காப்பார் தோட்டத்து ஆபீஸ்தான். பெரிய கிராணி நாகையா பேசறேன்... யாரு, டிரஸர் இராமலிங்கமா? லோரி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துச்சா? வீரம்மா எங்க?... பெஞ்சுல. சரி, சரி... டாக்டர் கடிதத்தைப் படிச்சாரா?"

காலையில் மனைவி வீரம்மாவை லோரியில் ஏற்றியபோது, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் டாக்டருக்கு எழுதிய கடிதத்தை வாங்கித் திருத்திக் கொடுத்தவர், ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான நாகையாதான். துரையே மெச்சிய இங்கிலீஷ் அவருடையது. தோட்டத்தில் இதை அறியாதவர் யாராவது இருந்தால் அவரே சொல்லிவிடுவார்.

"எந்த வார்த்தை?... 'டிஞ்ஜ்'. அதுகூடத் தெரியாதா லா உனக்கு. லேசான சாயம். வேட்டியை வெளுத்துக் கடைசித் தண்ணியில நீலம் போடுறோம்ல, ஒட்டியும் ஒட்டாம, அது. சாயங்கால மேகத்துக்குச் சொல்லலாம். துரைசானி கன்னத்துக்குச் சொல்லலாம். குரல்ல வருத்தம் கொஞ்சம் தட்டுனா அதுக்கும்... ஆமா. ஆமா, நான்தான் போட்டேன். நீ 'சளி பூரா ரத்தம்'னு எழுதியிருந்த. வெள்ளைக்கார டாக்டருக்கு அப்படியா எழுதறது? 'எ ஸ்லைட் டிஞ்ஜ்'. எவ்வளவு கௌரவமா இருக்கு... என்ன சொன்னாரு?"

நாகையா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"லேசுதானே, வியாழக்கிழமை வரச் சொல்லுன்னு... ம்... நீ வாயால சொல்லலையா?... சொன்ன. எழுத்துல உள்ளதைத்தான் பார்ப்பேன்னாரு. ம்... இப்ப எப்படி இருக்கா?... முந்தானையில ரத்தமா... பூராவா. சரி."

நாகையா மைக்கூட்டை மூடப் போனார். அது மூடியேதான் இருந்தது.

"கடிதம் தப்புன்னு சொல்லு... ஆமா, டிரஸர் பேச்சு அங்க எடுபடாது. சரி... கிராணி மாத்தி எழுதிட்டாருன்னு சொல்லு. பரவாயில்ல, சொல்லு... டாக்டர் அங்கதான் நிக்கிறாரா?... குடு. நானே பேசறேன்."

காத்திருந்த நேரத்தில் நல்ல வாக்கியம் ஒன்றைத் தேடினார். இருபது வருஷமாகச் சேர்த்து வைத்ததில் ஒன்றும் வரவில்லை.

"குட் மார்னிங், சார். நாகையா, சார். சீஃப் கிளார்க்... யெஸ், சார். மை வைஃப், சார்... நோ, சார். நாட் டிஞ்ஜ்... ஐ ரோட், சார். ராங்... பிளட், சார். மச் பிளட்... யெஸ், சார். மச்... ஹலோ... சார்?"

லைன் அறுந்திருந்தது.

"மச் பிளட், சார்," என்றார் நாகையா, இன்னொரு தரம்.